போதைப்பொருட் பரம்பலும் அதன் காரணங்களும்

இலங்கையிற் கள் அருந்துவோர் யாவரும் ஒரே கள்ளை அருந்துவதில்லை. வடபகுதியிற் பனங்கள்ளும், மேற்குத் தென்மேற்குக் கரையோரங்களிற் தென்னங்கள்ளும், மலைநாட்டை அடுத்த ஈரநிலங்களிற் கித்துட் கள்ளும் வழங்கி வருகின்றன. யாழ்ப்பாணத்தவரின் குருதியிற் பனைமீது விருப்பமும் காலி மாவட்டத்தவரின் குருதியில் தென்னைமீது விருப்பமும் ஊறிக்கிடக்கின்றன என்று எவரும் கூறார். மரம் நிற்கும் இடத்திற் கள் இருக்கிறது. இறக்கிய கள் விரைவிற் புளித்துவிடுவதால் அது நெடுந்தூரம் செல்வதில்லை. எம்மரத்தைச் சீவலாம், எவ்விடத்தில் விற்கலாம் என்பவற்றை அரசின் உத்தரவு வரையறுக்கிறது. இம்மூன்றையும் அறிந்தவனுக்கு இப்பரம்பலில் வியத்தற்குரியது யாதுமில்லை.

ஆயின், சட்டத்தால் விலக்கப்பட்ட போதைப்பொருட்களைப் பற்றிப் பேச்செழும்போது கற்றோரும் இத்தெளிவை இழந்துவிடுகின்றனர். சீனருக்கு அபின் இயல்பானது என்று ஒரு நூற்றாண்டுக் காலம் மேனாட்டார் எழுதிவந்தனர். இன்றும் ஒரு பகுதியில் ஹெரோயினும் மற்றொரு பகுதியில் ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமினும் மிகுந்திருப்பதைக் கண்டால், ‘அவ்வூராரின் குணம் அது’ என்று கூறி அமைவோர் பலர். இக்கூற்று வெறும் அறியாமையளவில் நின்றுவிடுவதன்று. குணமே காரணமெனின் மருத்துவமும் வீண், கல்வியும் வீண். தண்டனை ஒன்றே எஞ்சும். காரணம் வேறாயின் செய்யத்தக்கனவும் வேறாகும். ஆதலின் ஒரே பொருள் ஓரிடத்திற் பெருகி மற்றோரிடத்தில் அருகிக் காணப்படுவதன் காரணத்தை ஆராய்தல் புவியியலாருக்கும் வரலாற்று மாணவருக்கும் மட்டுமன்றி, நீதி வழங்குவோர்க்கும் வேண்டப்படுவதொன்றாம்.

முதற்கண் எழும் வினா, எவ்விடத்தில் எப்பொருள் மிகுதி என்பதை எங்ஙனம் அறிவது என்பதே. கைதுகளின் தொகை பெரும்பாலும் காவற்றுறையினரின் சுறுசுறுப்பையே அளந்து காட்டும். வீடுவீடாகச் சென்று வினாவினால் உண்மையை ஒப்புவார் சிலரே. அண்மைக் காலத்தில் இரசாயனவியலார் வேறொரு வழியைக் கண்டனர். உட்கொண்ட பொருளின் எச்சம் சிறுநீரோடு கழிந்து நகரத்தின் கழிவுநீரை அடைகின்றது. அந்நீரைச் சோதித்தால் நகரம் முழுவதும் உட்கொண்ட அளவு ஏறத்தாழப் புலனாகும். 2005 இல் மிலான் நகரிலுள்ள மாரியோ நெக்ரி ஆராய்ச்சி நிலையத்தார் இத்தாலியின் போ ஆற்று நீரிற் கொக்கேயினின் எச்சத்தை அளந்து, அங்கு அதன் பாவனை உத்தியோகக் கணக்குகள் கூறியதிலும் மிகுதி எனக் காட்டினர். 2011 முதல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இச்சோதனை ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. கழிவுநீருக்கு அச்சமுமில்லை, நாணமுமில்லை. ஆதலால் அதன் சாட்சியம் நம்பத்தக்கது.

இச்சோதனைகள் தீட்டிய படம் தெளிவானது. கொக்கேயின் பெல்சியம், ஒல்லாந்து, ஸ்பானியா முதலிய மேற்குத் தெற்கு நாடுகளின் நகரங்களில் மிகுந்துள்ளது. அம்பெற்றமின் சுவீடன் முதலான வடநாடுகளில் மிகுதி. மெதம்பெற்றமினோ நீண்டகாலம் செக் நாட்டையும் அதனை அடுத்த கிழக்கு ஜேர்மன் நகரங்களையுமே தன் முதன்மை இடமாகக் கொண்டிருந்தது. ஒரே கண்டம், செல்வத்திலும் கல்வியிலும் பெரிதும் வேறுபடாத மக்கள், சில மணி நேரத்திற் கடக்கத்தக்க எல்லைகள். எனினும் பொருள் மாறுபடுகின்றது. கொக்கேயினுக்குரிய விளக்கம் எளிது. தென்னமெரிக்காவிலிருந்து பழங்களும் பிற சரக்குகளும் வந்திறங்கும் அன்ற்வேப், றொற்றர்டாம் போன்ற பெருந்துறைமுகங்கள் வழியாகவே அதுவும் வருகின்றது. ஏனையவற்றுக்கு இவ்வளவு எளிய விடை போதாது.

விடையின் ஒரு பகுதி பொருளின் உடலிலேயே அமைந்துள்ளது. கிழக்காபிரிக்காவிலும் தென் அராபியாவிலும் வளரும் ‘காத்’ என்னும் செடியின் இளந்தளிரை எதியோப்பியர், சோமாலியர், யேமனியர் ஆகியோர் பிற்பகல் வேளைகளிற் குழுமியிருந்து மெல்லுவர். அத்தளிரிலுள்ள கதினோன் என்னும் ஊக்கப்பொருள், பறித்து ஓரிரு நாள் கழிந்தால் வலிகுன்றிப் போகும். ஆகவே பல நூற்றாண்டுகளாகக் காத் தான் விளையும் மலைகளை விட்டு அதிக தூரம் சென்றதில்லை. மக்களின் சுவை அதனைத் தடுக்கவில்லை, காலமே தடுத்தது. வானூர்தி வந்தபின் ஈரவாழையிலையிற் பொதிந்த காத் கட்டுக்கள் நைரோபியிலிருந்து இலண்டனை மறுநாளே அடைந்தன; அங்கு வாழ்ந்த சோமாலியரிடையே அவ்வழக்கம் வேரூன்றிற்று. 2014 இல் பிரித்தானிய அரசு அதனை விலக்கியது. இலங்கைக் கள்ளுக்கும் ஆபிரிக்கக் காத்துக்கும் புளிப்பும் வாட்டமும் செய்யும் தொழில் ஒன்றே.

அபின் இதற்கு நேர்மாறானது. கசகசாச் செடியின் காயைக் கீறி எடுத்த பால் உறைந்து கட்டியானபின் ஆண்டுக்கணக்கிற் கெடாது. கழுதை முதுகிலும் கப்பல் அறையிலும் ஒரே தன்மையாய்ச் செல்லும். அதனைக் காய்ச்சி ஹெரோயினாக்கினாற் பத்துக் கிலோ ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்கும். கெடாமையும் சுருக்கமும் கூடிய பொருளுக்கு உலகம் முழுவதும் சந்தையே. ஆதலின் ஹெரோயின் எங்குச் சென்றது என்பதை அதன் தாவரம் தீர்மானிப்பதில்லை, வழியே தீர்மானிக்கின்றது.

விளையும் நிலமே பாவிக்கும் நிலம் என்று கருதுவதும் தவறு. கொக்கேயினுக்கு மூலமான கோக்கா இலையை அந்தீசு மலைவாசிகள் தொன்றுதொட்டு மென்று வந்தனர். ஆயின் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒல்லாந்தர் சாவகத் தீவிற் கோக்காத் தோட்டங்களை அமைத்து, ஏற்றுமதியிற் பேரு நாட்டையே விஞ்சினர். சாவகத்தார் கொக்கேயினுக்கு அடிமைப்படவில்லை. இலையிற் பெரும்பகுதி அம்சுடர்டாம் நகரை நோக்கிக் கப்பலேறிற்று.

வழியின் வலிமையை மிசிசிப்பி ஆற்றைப் போற் காட்டுவது பிறிதொன்றில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1990 களிலிருந்து ஹெரோயின் இருவகைப்பட்டது. ஆற்றுக்கு மேற்கே மெக்சிக்கோவிலிருந்து வந்த கரிய, தார்போன்ற, ஒட்டுந்தன்மையுடைய ஹெரோயின். கிழக்கே கொலம்பியாவிலிருந்து வந்த வெண்டூள். இரு கரையிலும் வாழ்வோர் ஒரே மொழியினர், ஒரே சட்டத்துக்குட்பட்டவர். நோயும் ஒரே நோயே. ஆயினும் எவரும் தம் விருப்பத்தால் இதுவோ அதுவோ எனத் தெரிந்துகொள்ளவில்லை. அவ்வப் பகுதிக்குச் சரக்குக் கொண்டுவந்த வணிகர் வேறு வேறு; அவர் காய்ச்சிய முறையும் வேறு.

இவ்வேற்றுமை நிறத்தோடு நிற்கவில்லை. கருந்தார் ஊசியிற் செல்லும்போது நாளங்களைக் கெடுத்துத் தசையிற் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். எனவே மேற்குக் கரையில் அவ்வகைப் புண்கள் மிகுந்தன. மறுபுறம், எயிட்சு நோய்க்கிருமி ஊசி பாவிப்போரிடையே நியூயோர்க் முதலான கிழக்கு நகரங்களிற் பரவிய அளவுக்கு மேற்கிற் பரவவில்லை. இதற்கு டானியல் சிக்கரோன் என்னும் மருத்துவரும் பிலிப் பூர்சுவா என்னும் மானிடவியலாரும் 2003 இல் ஒரு விளக்கம் தந்தனர். தார் கரையவேண்டுமாயின் அதனை நன்கு சூடேற்ற வேண்டும். ஊசி அடைபடாதிருக்க ஒவ்வொரு முறையும் நீராற் கழுவ வேண்டும். சூடும் கழுவுதலும் கிருமியைக் குறைத்திருக்கலாம் என்பதே அவ்விளக்கம். பின்னர், 2013 அளவிற் பெந்தனில் என்னும் செயற்கைப் பொருள் சந்தைக்கு வந்தபோது இவ்வரிசை மேலும் கொடிய வடிவிற் புலனாயிற்று. 1960 அளவிற் பெல்சிய மருத்துவர் போல் ஜான்சன் அறுவைச் சிகிச்சை நோவுக்காகக் கண்ட இம்மருந்து, மோபீனைப் போல் நூறு மடங்கு வரை வலிமையுடையது. வெண்டூளில் வெண்டூளைக் கலத்தல் எளிது; கருந்தாரிற் கலத்தல் அரிது. ஆதலின் பெந்தனிலாற் சாவு முதலிற் கிழக்கு மாநிலங்களிலேயே பெருகிற்று. மேற்கு சில ஆண்டுகள் தப்பியிருந்தது. கள்ளமாத்திரைகளின் வடிவில் அது வந்தபின்னரே மேற்கும் வீழ்ந்தது. 2021 இல் அந்நாட்டிற் போதைப்பொருள் மிகையால் இறந்தோர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டனர். எந்த ஊரவர் முதலில் மாண்டனர், எவர் பின்னர் மாண்டனர் என்பதைத் தீர்மானித்தது ஒரு தூளின் நிறமெனில், ‘குணம்’ என்னும் விளக்கத்துக்கு இடமேது?

வழி இவ்வாறாக, அரசின் கை செய்யும் வேலையும் சிறிதன்று. மெதம்பெற்றமினை 1893 இல் முதன்முதல் ஆக்கியவர் யப்பானிய இரசாயனவியலார் நாகாய் நாகயோசி ஆவர். இரண்டாம் உலகப்போரின்போது ‘ஹிரோப்பொன்’ என்னும் பெயரில் அது போர்வீரர்க்கும் தொழிற்சாலைகளில் இரவு விழித்து உழைத்தோர்க்கும் வழங்கப்பட்டது. போர் முடிந்ததும் எஞ்சிய இருப்பு சந்தைக்கு வந்தது. பசியும் வேலையின்மையும் வாட்டிய நகரங்களில் அது காட்டுத்தீயெனப் பரவிற்று. 1951 இல் அரசு தனிச்சட்டம் இயற்றி அதனை அடக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னரும் நெடுங்காலம் யப்பானிற் சட்டவிரோதப் போதைப்பொருட்களுள் மெதம்பெற்றமினே முதன்மை பெற்றிருந்தது. ஹெரோயின் அங்கு நிலையாக வேரூன்றவில்லை. நாட்டினுட் காய்ச்சுவது அரிதானபோது கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் பின்னர் சீனத்திலிருந்தும் வந்தது. சரக்கின் பிறப்பிடம் பலமுறை மாறியும் பொருள் மாறவில்லை என்பது நோக்கற்பாலது. ஒரு பொருளைப் பாவிக்கும் முறையும், அதை விற்கும் வலையும், அதற்குரிய சொற்களும் ஒரு நாட்டில் ஒருமுறை அமைந்துவிட்டால், புதிய பொருள் அவற்றைத் தள்ளிவிட்டு நுழைதல் அரிதாகும்.

ஜேர்மனியர் அதே பொருளை 1938 இற் ‘பெர்விற்றின்’ என விற்றனர். அப்பெயர் இன்று செக் நாட்டிலேயே உயிரோடிருக்கின்றது. பொதுவுடைமையாட்சிக் காலத்தில் அந்நாட்டெல்லை மூடிக்கிடந்தது. கொக்கேயினோ ஹெரோயினோ உட்புக வழியில்லை. வாங்குதற்கு வெளிநாட்டுப் பணமுமில்லை. ஆனால் எபெட்ரின் சேர்ந்த மருந்துகள் மருந்துக்கடைகளில் இருந்தன. இரசாயனம் கற்ற இளைஞரும் இருந்தனர். 1970 களிற் சிறு குழுக்கள் தம் சமையலறைகளிற் காய்ச்சித் தமக்குள்ளே பகிர்ந்துகொண்டன. 1989 இல் எல்லை திறந்தது. உலகப் போதைப்பொருட்கள் யாவும் வரத்தக்க நிலையிலும் பழைய பெர்விற்றினே நிலைத்தது. அதுமட்டுமன்றி, திறந்த எல்லையைக் கடந்து ட்ரெஸ்டன், கெம்னிற்ஸ் முதலிய ஜேர்மன் நகரங்களின் கழிவுநீரிலும் தோன்றலாயிற்று. மூடிய எல்லை ஒரு பொருளை வளர்த்தது. திறந்த எல்லை அதனைப் பரப்பிற்று.

அரசின் கை ஒரு தாளளவினதாயினும் போதும் என்பதற்கு மீண்டும் அமெரிக்காவே சான்று. 1996 இல் ஒக்சிகோன்றின் என்னும் நோநீக்கி மாத்திரை அங்கு விற்பனைக்கு வந்தது. அக்காலத்திற் கலிபோணியா, ஐடகோ, இலினோய், நியூயோர்க், ரெக்சாசு ஆகிய ஐந்து மாநிலங்களில், இத்தகைய மருந்தை எழுதும் மருத்துவர் மூன்று படிகள் கொண்ட தனிச்சிட்டையில் எழுதி, ஒரு படி அரசுக்குச் செல்ல விடவேண்டும் என்னும் விதி இருந்தது. அத்தொல்லை காரணமாக மாத்திரையின் உற்பத்தியாளர் அம்மாநிலங்களில் விற்பனை முயற்சியைக் குறைத்துக்கொண்டனர். பின்வந்த பொருளியலாய்வாளர் இருபதாண்டுக் கணக்கை ஆராய்ந்து, அவ்வைந்து மாநிலங்களிலும் போதைப்பொருள் மிகையாற் சாவு ஏனையவற்றைவிடக் குறைவாகப் பெருகியதைக் கண்டனர். அவ்விதி பின்னர் நீக்கப்பட்ட பின்னரும் வேற்றுமை நீடித்தது. மாறாக, சுரங்கத் தொழிலால் முதுகும் முழங்காலும் தேய்ந்த தொழிலாளர் நிறைந்த மேற்கு வேர்சீனியாவில் அம்மாத்திரை வெள்ளமெனப் புகுந்தது. மாத்திரை கிடைத்தல் கடினமானபோது அவர்கள் ஹெரோயினை நாடினர்; ஹெரோயினைத் தொடர்ந்து பெந்தனில் வந்தது. வறுமையும் உடல்நோவும் வேலையிழப்பும் இவ்வகை நோய்க்கு நிலத்தைப் பண்படுத்தும் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் வறுமை உலகெங்குமுண்டு. எவ்விதை அதில் விழுகின்றது என்பதை வறுமை தெரிந்தெடுப்பதில்லை.

இதுகாறும் கூறியவற்றுக்கு எதிராக ஒருவர் வினவலாம்: மக்கள் வேறு, இடம் வேறு எனின் எது காரணமென எங்ஙனம் பிரித்தறிவது? ஒரே மக்களை இடம் மாற்றிப் பார்த்தாலன்றோ உண்மை தெரியும்? அத்தகைய சோதனையொன்று, எவரும் விரும்பித் திட்டமிடாமலே, வியட்நாமில் நிகழ்ந்தது. 1970 அளவில் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்க்குத் தூய ஹெரோயின் மிகமலிவாகக் கிடைத்தது. சிகரெட்டில் இட்டுப் புகைக்கத்தக்க அளவுக்கு அது வலியதாயிருந்தது. 1971 செப்டெம்பரில் நாடு திரும்பியவர்களுள் ஏறத்தாழ 900 பேரை லீ றொபின்சு என்னும் சமூகவியலறிஞர் தேடிக்கண்டு ஆராய்ந்தார். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் வியட்நாமில் அபினையோ ஹெரோயினையோ பாவித்தவர்கள். ஐவரில் ஒருவர் தாம் அதற்கு அடிமைப்பட்டிருந்ததாகக் கூறினர். நாடு அஞ்சிற்று, ஆயிரக்கணக்கான அடிமைகள் ஊர்களிற் புகுவர் என்று செய்தித்தாள்கள் எழுதின. நிகழ்ந்தது வேறு. அங்கு அடிமைப்பட்டிருந்தவர்களுள், திரும்பி வந்த முதலாண்டில் மீண்டும் அந்நிலையை அடைந்தோர் நூற்றுக்கு ஐவரளவினரே. மூன்றாண்டுக்குள் நூற்றுக்குப் பன்னிருவர். அவர்களுட் பெரும்பாலார் எவ்விதச் சிகிச்சையும் பெறாதவர். அதே குருதி, அதே குணம், மாறியது இடமே. மலிவும் போர்க்களச் சலிப்பும் தோழமையும் அங்கே நின்றுவிட்டன. மனைவியும் தொழிலும் ஊசியின்மேற் கொண்ட அச்சமும் இங்கே காத்திருந்தன.

சீனத்தின் கதையையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குக. 1729 இலேயே அந்நாட்டு மன்னர் அபின் விற்பனையைத் தடைசெய்தார். 1773 முதல் வங்காளத்து அபினைத் தன் ஏகபோக உரிமையாக்கிக்கொண்ட கிழக்கிந்தியக் கும்பினி அதனைக் கல்கத்தாவில் ஏலத்தில் விற்க, தனிவணிகர் சீனக்கரைக்குக் கடத்தினர். 1839 இல் லின் சேசூ என்னும் ஆணையாளர் 20,000 பெட்டிகளுக்கு மேல் அழித்தார். அதன் விளைவு போர். 1858 இன் பின் இறக்குமதி சட்டபூர்வமாயிற்று. நூற்றாண்டின் இறுதிக்குள் சிச்சுவான், யுன்னான் முதலிய மாகாணங்களில் உள்நாட்டுப் பயிரே இறக்குமதியை விஞ்சிவிட்டது. இதனைக் கண்ணுற்றோர் அபின் சீனரின் உடன்பிறந்த நோயென முடிவுகட்டினர். 1950 இல் தொடங்கிய புதிய ஆட்சியின் கடுந்தடை, கொலைத் தண்டனையும் ஊர்தோறும் கூட்டமும் நிலப்பங்கீடும் ஒருங்கே கொண்டு, சில ஆண்டுகளுக்குள் அந்நோயைப் பெரும்பாலும் ஒழித்தது. அம்முறைகளின் கொடுமையை எவரும் போற்றவேண்டியதில்லை. ஆனால் உடன்பிறந்ததாகக் கூறப்பட்டது நீங்கிவிட்டது என்பது உண்மை. 1980 களில் எல்லை வணிகம் திறந்தபோது ஹெரோயின் மீண்டும் வந்தது. வந்த இடம் பீக்கிங்கன்று, பர்மாவை அடுத்த யுன்னான். 1989 இல் ஊசி பாவிப்போரிடையே எயிட்சுக் கிருமி கூட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அவ்வெல்லையிலுள்ள றூயிலி நகரிலேயே.

அதே பர்மிய மலைகளின் மறுசரிவில் இந்தியாவின் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் முதலிய மாநிலங்கள் உள்ளன. 2019 இல் இந்திய அரசு வெளியிட்ட நாடளாவிய மதிப்பீட்டின்படி, அபின் வகைப் பொருட்களைப் பாவிப்போர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு இருவரளவினர். வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றிலோ நூற்றுக்குப் பதின்மருக்கு மேல். ஒரு மலைத்தொடரின் இருபுறமும் இரு பேரரசுகள், இரு ஆட்சிமுறைகள், பல இனங்கள், நோய் ஒன்றே.

தடை செய்தால் தீராதோ என்பார்க்கு வரலாறு தரும் விடை சிக்கலானது. தடை ஒரு பொருளை ஓரிடத்தினின்று அகற்றவல்லது; ஆயின் அது பிறிதோரிடத்துக்கோ பிறிதொரு வடிவுக்கோ மாறிவிடுதல் உண்டு. 1955 இல் ஈரான் கசகசாப் பயிரைத் தடுத்தபோது துருக்கியும் ஆப்கானித்தானும் அக்குறையை நிரப்பின. 1970 களின் தொடக்கத்தில் துருக்கி தடுத்தபோது, அமெரிக்கச் சந்தையில் மார்செய் வழியாக வந்த வெண்டூளின் இடத்தை மெக்சிக்கோவின் பழுப்புத்தூள் பிடித்தது. வடிவ மாற்றமோ இன்னும் துயரமானது. ஜோசெப் வெஸ்டர்மையர் என்னும் மனநோய் மருத்துவர் 1976 இல் எழுதிய கட்டுரையொன்றில், ஹொங்கொங், தாய்லாந்து, லாவோசு ஆகிய மூன்றிடங்களிலும் அபின் தடையைத் தொடர்ந்து ஹெரோயின் பரவியதை எடுத்துக்காட்டினார். அபினைப் புகைத்தால் அதன் மணம் தெருவெல்லாம் வீசும். கருவியும் விளக்கும் படுக்கையும் வேண்டும். ஹெரோயினுக்கு மணமில்லை, சட்டைப்பையில் அடங்கும். காவலனின் மூக்குக்கு அஞ்சிய கிழவர்கள் மறைந்தனர். ஊசியேந்திய இளைஞர்கள் தோன்றினர்.

ஆப்கானித்தானில் அண்மையில் நிகழ்ந்தது இதற்கு மிகப்பெரிய எடுத்துக்காட்டு. 2022 ஏப்பிரலில் தலிபான் ஆட்சியினர் கசகசாப் பயிரைத் தடைசெய்தனர். அவ்வாண்டு ஏறத்தாழ 2,33,000 எக்டேயராக இருந்த பயிர், ஐக்கிய நாடுகள் சபையின் அளவையின்படி 2023 இல் 10,800 எக்டேயராகச் சுருங்கிற்று. அதே ஆண்டில், 2021 இன் இராணுவப் புரட்சிக்குப்பின் குழப்பத்தில் ஆழ்ந்திருந்த மியன்மார் உலகின் முதன்மை அபின் விளைநிலமாயிற்று. இதற்கிடையே ஆப்கானிய மலைகளில் வேறொன்றும் நிகழ்ந்திருந்தது. அங்கு எவரும் நடாமலே வளரும் எபெட்ரா என்னும் புதரிலிருந்து எபெட்ரினைப் பிரித்து மெதம்பெற்றமின் காய்ச்சும் முறை, கடந்த பத்தாண்டின் பிற்பகுதியிற் பரவலாயிற்று. புதருக்கு உழவு வேண்டா, நீர் வேண்டா. வெட்டிச் சுமந்தாற் போதும்.

இலங்கையின் நிலைமையை இப்பின்னணியில் வைத்தே விளங்கவேண்டும். 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் இத்தீவின் கவலை அபினும் கஞ்சாவுமே. ஹெரோயின் 1980 களின் தொடக்கத்திற்றான் நகரங்களிற் பரவிற்று. அதனால் 1984 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு மரணதண்டனை வரை கடுமையாக்கப்பட்டது. இன்றும் பகுதிக்குப் பகுதி வேற்றுமை உண்டு. மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வரண்ட காடுகளிற் கஞ்சா கள்ளமாகப் பயிரிடப்படுகின்றது. ஆதலின் தெற்கில் வழங்குவது பெரும்பாலும் உள்ளூர்க் கஞ்சா. வடக்கிலோ கடல் கடந்து வருவதே மிகுதி. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இருகரை மீனவரும் ஒரே கடலில் வலைவீசுவோர். ஒரு படகு இரவிற் சென்று விடியுமுன் மீளலாம். அங்ஙனம் வருவதனைக் ‘கேரளக் கஞ்சா’ என்பர். பெயர் ஏமாற்றுவது, அதிற் பெருமளவு ஆந்திரமும் ஒடிசாவும் சந்திக்கும் மலைகளில் விளைந்து தமிழ்நாட்டுக் கரைக்கு வருவது.

ஹெரோயின் வேறுவழியில் வருகின்றது. ஈரானுக்கும் பாகித்தானுக்கும் உரிய மக்ரான் கரையிலிருந்து புறப்படும் மரக்கலங்கள் இந்துமாக்கடலில் நெடுந்தூரம் தெற்கே வந்து, ஆழ்கடலில் இலங்கைப் படகுகளுக்குச் சரக்கை மாற்றிக் கொடுக்கும். ஆகவே அது முதலில் மேற்கு, தெற்குக் கரைகளிற் கரையேறிக் கொழும்பை அடைகின்றது. தெற்கு ஆழ்கடலைப் பார்த்து நிற்கிறது, வடக்கு ஒடுங்கிய நீரிணையைப் பார்த்து நிற்கிறது. இரு பகுதிக்கும் இடையிலுள்ள வேற்றுமையிற் பெரும்பங்கு இதனால் விளைந்ததே. சில ஆண்டுகளாகக் கடற்படையினர் கைப்பற்றும் அம்மரக்கலங்களில் ஹெரோயின் மூட்டைகளோடு ‘ஐஸ்’ மூட்டைகளும் ஒருங்கே காணப்படுகின்றன. வணிகர் புதிதாக வழியொன்றைத் தேடவில்லை. பழைய வழியிற் புதிய சரக்கை ஏற்றினர். கொழும்பிலும் காலியிலும் பெற்றோர் சிலர் இன்று மகனின் அறையிற் கண்டு திகைக்கும் அக்கண்ணாடித் துணுக்கு, இந்துகுஷ் மலைச்சாரலில் ஓர் உழவன் விறகென வெட்டிய புதரிலிருந்து வந்ததாயிருத்தல் கூடும்.